குறிலுக்கு ஒரு மாத்திரை

ஆறாயிரம் ரூபா. பங்குச்சபை தந்தது,
கடித உறையில், பின் குத்தி.
இருபத்திரண்டு பேருக்கும் பாட்டுப் புத்தகம்
அதற்குள் வரவேண்டும்,
பாஸ்கா இரவுக்கு முன்னால்.

மத்தியானம் மருந்துக்கடையில் ஆளில்லை.
கவுண்டரில் மூன்றையும் விரித்திருக்கிறேன்.
துறைமுகக் காற்று தாளைத் தூக்காதபடி
மூலைக்கொன்றாய் இருமல் பாணிப் போத்தல்.

முதலாவது கொழும்பிலிருந்து வந்தது.
வழவழப்பான தாள், ஐந்து கோட்டு எழுத்து.
எங்களில் அதை வாசிப்பவர்கள் இருவர்;
ஒருத்தி நான், மற்றவள் பேறுகால லீவில்.
அதையாவது சமாளிக்கலாம்.
ஏழாம் பக்கத்தில் மேற்குரலுக்கு
பன்னிரண்டு தட்டு, மூச்சுக்கு இடமில்லை.
பிரிஜிற்றாவின் இன்ஹேலரை
மாதாமாதம் உறையில் போட்டுக் கொடுப்பவள் நான்.
அந்தப் பக்கத்தை எப்படி வாங்குவேன்?

இரண்டாவது தூத்துக்குடி அச்சு.
ட, ர, ம என்று எழுத்தில் இருக்கும்,
எல்லோருக்கும் விளங்கும்.
ஆனால் கீழ்க்குரல்காரர் ஒரே சுரத்தில்
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்கவேண்டும்.
இரவு வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து
நேரே வருகிற எட்மண்ட் அண்ணன்
அந்த இடத்தில் நித்திரையாகிவிடுவார்.
ஒருக்கா ஆகியுமிருக்கிறார்.
புத்தகம் விழுந்த சத்தத்தை
ஆமென் என்று எடுத்துக்கொண்டு
சுவாமி அடுத்த செபத்துக்குப் போனார்.

மூன்றாவது புத்தகமே இல்லை.
மட்டக்களப்பில் ஒருவர் கையால் எழுதியது.
படியைப் படியெடுத்து, அதையும் படியெடுத்து
எழுதியவர் பெயர் தேய்ந்துவிட்டது.
ஓரத்தில் முன்பு பாடிய யாரோ
'இதில் சிரிக்காதே' என்று எழுதி
இரண்டு தரம் கீறியிருக்கிறார்.

நாலு நாள் தொலைபேசியில் விசாரித்து
கல்லடியில் ஆளைப் பிடித்தேன்.
"எடுத்துப் பாடுங்கோ பிள்ளை.
ஒரு இடத்தில பிழை இருக்கு,
திருத்திப் பாடுங்கோ" என்றார்.
எந்த இடம் என்று கேட்பதற்குள்
மிளகாய் காயப்போடப் போய்விட்டார்.

கண்டுபிடித்தேன். கடல் பிளக்கிற பாட்டு.
'கடலே, வழி விடு.'
வி-க்கு மூன்று தட்டு வைத்திருக்கிறார்.

குளிசை என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்;
பெட்டியில் மாத்திரை என்றிருக்கும்.
எனக்கு இரண்டுமே அளவு பார்க்கிற வேலை.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
கூடிப்போனால் வேறு வருத்தம்.
போன வருஷம் வரம் கேட்கப் போய்
ஆண்டவரிடம் ஒரு வாரம் கேட்டோம்,
நான்கு குரலிலும், மிக உருக்கமாக.

பென்சில் எடுத்தேன்.
வி-யைச் சுருக்கி, டு-வை நீட்டி,
இருபத்திரண்டு படியிலும்.

வியாழன் ஒத்திகை.
புதிதாய்ச் சேர்ந்த ஸ்ரனிஸ்லாஸ்,
உட்துறைமுகத்தில் வள்ளம் வைத்திருப்பவன்,
கண்ணாடியைக் கொண்டுவரவில்லை.
என் பென்சில் அவனுக்குத் தெரியவில்லை,
கறுப்பு மை மட்டும் தெரிந்திருக்கிறது.
மற்றவர்கள் டு-வில் நிற்க
அவன் தனியே வி-யில் நின்றான்:

கடலே, வழி. வீடு.

சிரிக்கத்தான் போகிறார்கள் என்று பார்த்தேன்.
பிரிஜிற்றா தாளை மடித்து, பிறகு விரித்தாள்.
எட்மண்ட் அண்ணன் முழித்திருந்தார்.
வெளியே நேவிப் படகு ஒன்று
கரையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

"பிழை விட்டிட்டனோ, அக்கா?"

"இல்லை," என்றேன்.
"முதலிலிருந்து. எல்லோரும் அவனைப்போல."

பங்குச்சபைக்கு எழுதிய கணக்கு:
இருபத்திரண்டு படி, பன்னிரண்டு பக்கம்,
பக்கம் பதினைந்து,
மூவாயிரத்துத் தொளாயிரத்து அறுபது.
அழிறப்பர் ஒன்று, நாற்பது.
மிச்சம் இரண்டாயிரம், இத்துடன்,
அதே உறையில், அதே பின்.